அப்பாவின் முகம் இல்லாத பிள்ளை

2014ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி ‘கோச்சடையான்’ திரைக்கு வந்தது. சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 13ஆம் தேதி, அமெரிக்காவில் ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன் 2’ வெளியானது. முதலாவது நம் ஊர்ப் படம். மற்றது ஹாலிவுட்டின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் எடுத்தது. இரண்டும் அனிமேஷன் படங்கள். இரண்டிலும் கடல் உண்டு, கப்பல் உண்டு, போர் உண்டு. இரண்டிலும் பெரிய வீரனான தகப்பன் செத்துப்போகிறான். அவன் விட்டுப்போன இடத்தில் மகன் வந்து நிற்கிறான். இத்தனை ஒற்றுமை இருந்தும், மகன் என்பவன் யார் என்ற கேள்விக்கு இரண்டு படங்களும் நேர் எதிரான விடைகளைச் சொல்கின்றன. டிராகன் படம் சொல்லும் விடையே வாழ்க்கைக்கு அருகில் இருக்கிறது என்பது என் வாதம். அதற்குச் சாட்சி தேடி வைக்கிங்குகளின் வடகடலுக்குப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி முத்துக்கரையிலேயே அது கிடக்கிறது.

முதலில் டிராகன் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதை. கிரெசிடா கோவெல் சிறுவர்களுக்காக எழுதிய நாவல் வரிசையைத் தழுவி 2010இல் முதல் பாகம் வந்தது. பெர்க் என்ற தீவுக் கிராமம். கடலோடிகளான வைக்கிங்குகள் அங்கே வாழ்கிறார்கள். ஊர்த் தலைவர் ஸ்டோயிக். மலை போன்ற உடம்பு, மார்பை மறைக்கும் தாடி, டிராகன்களைக் கொல்வதே தொழில். அவருடைய மகன் ஹிக்கப் சுள்ளிபோல் ஒல்லியான பையன். அடிபட்டுக் கிடக்கும் டூத்லெஸ் என்ற டிராகனைக் கொல்ல மனம் வராமல் அதோடு சிநேகம் கொள்கிறான். விஷயம் தெரிந்ததும் ‘நீ என் பிள்ளையே இல்லை’ என்கிற அளவுக்குப் போகிறார் தகப்பன். கடைசியில் மகன் செய்ததுதான் சரி என்று ஊரே ஒப்புக்கொள்கிறது, தகப்பனும் ஒப்புக்கொள்கிறார். அத்தோடு கதை முடிந்துவிட்டதாகத்தான் தோன்றும். பல படங்கள் அங்கேயே முடிந்தும் போகின்றன. ‘ஃபைண்டிங் நீமோ’வில் பயந்த தகப்பன் மீன், பிள்ளையைக் கடலில் நீந்த விடக் கற்றுக்கொண்டதும் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. அதனால்தான் 2016இல் வந்த அதன் தொடர்ச்சி, தகப்பனையும் மகனையும் ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் தோழி டோரியின் கதைக்குப் போனது.

இயக்குநர் டீன் டிப்ளுவா அப்படி விடவில்லை. இரண்டாம் பாகம் ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்குகிறது. ஹிக்கப்புக்கு இருபது வயது. தகப்பனுக்கு மகன் மேல் பெருமை தாங்கவில்லை, தலைமையை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். மகனோ அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டிராகன் மேலேறிப் பறந்துபோய்ப் புதிய தீவுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான். முதல் பாகத்தில் தகப்பனின் கோபம் அவனுக்குப் பாரமாக இருந்தது. இப்போது அன்பே பாரமாகிவிட்டது. ஒப்புதல் கிடைக்காத பிள்ளையின் வலி நமக்குத் தெரிந்த கதை. ஒப்புதல் கிடைத்த பிள்ளை, ‘இனி நீ நானாக இரு’ என்று நீட்டப்படும் நாற்காலியைப் பார்த்து ஒதுங்கி நிற்பதை அவ்வளவாக யாரும் படமாக்கியதில்லை. இரண்டு பாகங்களிலுமே ஹிக்கப் அப்பாவின் குரலில் பேசிக் காட்டும் காட்சி உண்டு. முதல் பாகத்தில் அதில் காயம் இருக்கிறது. தப்பான பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களே என்று அப்பா புலம்புவதுபோல் நடித்துக் காட்டுகிறான். இரண்டாம் பாகத்தில் அதே குரலை வாஞ்சையோடு எடுக்கிறான். ஆனால் குரலை எடுக்க முடிகிற அளவுக்கு அந்த ஆளை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியவில்லை. தான் அப்பா இல்லை, அம்மாவையோ பார்த்ததே இல்லை, அப்படியானால் நான் யார் என்று காதலி அஸ்ட்ரிடிடம் கேட்கிறான்.

அனிமேஷனுக்கே உரிய வசதி ஒன்று இங்கே வேலை செய்கிறது. நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் கிடைத்த உடம்புதான். வரைந்து உருவாக்கும் படத்தில் ஒவ்வொரு உடம்பும் ஒரு முடிவு. ஸ்டோயிக்கின் கழுத்து ஹிக்கப்பின் இடுப்பைவிடத் தடிமனாகத் தெரியும்படி அமைத்ததும், இருபது வயதிலும் மகனை அதே மெலிந்த தோளோடு விட்டதும் யோசித்துச் செய்தவை. வளர்ந்தால் இவன் அவர் ஆகிவிடுவான் என்று பார்ப்பவர் ஒரு நொடியும் எண்ணிவிடக் கூடாது. அதோடு, வரைகலைஞர் பாத்திரத்தின் முகத்தைத் திரையிலேயே நேரடியாகப் பிடித்து அசைக்க வழிசெய்யும் புதிய மென்பொருளை டிரீம்வொர்க்ஸ் முதன்முதலாக இந்தப் படத்தில்தான் பயன்படுத்தியது. அதன் பலனை ஸ்டோயிக்கின் முகத்தில் பார்க்கலாம். இறந்துவிட்டாள் என்று இருபது ஆண்டு நம்பியிருந்த மனைவி வால்கா எதிரே நிற்கிறாள். விட்டுப்போனதற்கு அவர் கத்தப்போகிறார் என்று அவளும் எதிர்பார்க்கிறாள், நாமும் எதிர்பார்க்கிறோம். அந்தப் பெரிய முகம் மெல்ல இளகுகிறது, அவ்வளவுதான். அதை ஓரமாக நின்று பார்க்கும் மகன், தன் தகப்பனுக்குள் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறான். படத்தின் மிகச் சிறந்த இடம் எதுவென்று கேட்டால் சண்டைகளைத் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன்.

பிறகு அந்தச் சாவு. டிராகோ என்பவன் டிராகன் படை திரட்டிக்கொண்டு வருகிறான். அவனோடு பேசிப் புரியவைக்கலாம் என்கிறான் மகன். அவனை முன்பே அறிந்த தகப்பன், அது பேச்சுக்கு வராத ஆள் என்கிறார். இந்த வழக்கில் தகப்பன்தான் சரி. மகன் பேசப்போகிறான், தோற்கிறான். டிராகோவின் பிடியில் மதிமயங்கிய டூத்லெஸ்ஸே அவன்மேல் நெருப்பைக் கக்க, குறுக்கே பாய்ந்த ஸ்டோயிக் இறக்கிறார். இளைஞன் சொன்னதே வேதம், பெரியவர் பழம்பஞ்சாங்கம் என்று காட்டுகிற படமாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். மகனின் பிழைக்குத் தகப்பன் உயிரை விலையாகக் கொடுக்கிறார். அதற்குப் பிறகும் மகன் தன் வழியைக் கைவிட்டுத் தகப்பனின் கோடரியைத் தூக்கிக்கொள்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அப்படி மதிமயங்கிய டூத்லெஸ்ஸை நம்பிக்கையாலும் பேச்சாலுமே மீட்கிறான். யாரிடம் பேசலாம், யாரிடம் பேச்சு எடுபடாது என்ற பாகுபாடு மட்டும் தகப்பனிடமிருந்து அவனுக்கு வந்து சேருகிறது. கடைசியில் ஊர் மூதாட்டி நெற்றியில் கரிக்கோடு இட்டு அவனைத் தலைவனாக்கும்போது, பெர்க்குக்கு வேறொரு மாதிரியான தலைவன் கிடைக்கிறான்.

இனி ‘கோச்சடையான்’. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கியது, கதை கே. எஸ். ரவிக்குமார், இசை ஏ. ஆர். ரஹ்மான். நடிகரின் உடல் அசைவைக் கருவியால் பதிவுசெய்து அதன்மேல் உருவம் பொருத்தும் தொழில்நுட்பத்தில் ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் எடுக்கத் துணிந்ததற்காகவே அந்தக் குழுவுக்கு மரியாதை செய்ய வேண்டும். மறைந்த நாகேஷை மீண்டும் திரையில் நடமாட வைத்தார்கள். முகங்கள் விறைப்பாக இருந்தன என்று அப்போது பலரும் குறை சொன்னார்கள். அதைப் பணத்தோடும் நேரத்தோடும் சேர்ந்த குறை என்று விட்டுவிடலாம். என் வருத்தம் கதையில் இருக்கிறது. கோட்டைப்பட்டினத்துத் தளபதி கோச்சடையான், விஷம் உண்ட தன் வீரர்களின் உயிரைக் காக்க அவர்களைப் பகைநாட்டில் அடிமைகளாக விட்டுவிட்டு வருகிறான். மீட்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். துரோகி என்று பழிசுமத்திச் சொந்த நாட்டு மன்னனே அவன் தலையை வெட்டுகிறான். மகன் ராணா வளர்ந்து, பகைநாட்டிலேயே தளபதியாகி, அந்த வீரர்களை மீட்டு, மன்னனைப் பழிதீர்க்கிறான். மகனுக்கென்று ஓர் ஆசை, ஒரு தயக்கம், அப்பாவோடு ஒரு கருத்து மாறுபாடு எதுவும் கிடையாது. அப்பா முடிக்காமல் விட்ட கணக்கை முடிப்பதே அவன் பிறவி.

இருவருக்கும் ரஜினிகாந்தின் ஒரே முகம் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தகப்பன்–மகன் இரட்டை வேடம் தமிழ் சினிமாவில் பழைய வழக்கம். ஒரு நட்சத்திரம், இரண்டு ஒப்பனை. நடிகரை வைத்து எடுக்கும்போது அதற்கு வியாபார நியாயம் உண்டு. அனிமேஷனில் எந்த முகத்தையும் வரையலாம் என்ற சுதந்திரம் கைக்கு வந்த பிறகும் நாம் அதே முகத்தைத்தான் வரைந்தோம். ரசிகர்கள் ரஜினியைப் பார்க்க வருகிறார்கள், வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத் தகப்பனாக ஒரு ரஜினியே போதும். மகனுக்கு வேறொரு முகமும் வேறொரு மனமும் கொடுத்திருக்கலாம். சரித்திரமும் இங்கே ஒரு விந்தையான சாட்சி சொல்கிறது. கோச்சடையன் ரணதீரன் என்பது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஒரே பாண்டிய மன்னனின் பெயர். அந்த ஒரு பெயரைப் பிளந்து தகப்பனுக்குக் கோச்சடையான் என்றும் மகனுக்கு ராணா என்றும் படத்தில் வைத்தார்கள். பெயரை இரண்டாகப் பிளந்தவர்கள் ஆளைப் பிளக்கவில்லை.

பாண்டியர் பெயர் வந்துவிட்டதால் கொற்கைக்குப் போவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் கொற்கை பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துச் சந்தையாகவும் இருந்தது. கிரேக்கக் கடலோடியின் ‘பெரிப்ளூஸ்’ நூல் இதைக் கொல்கி என்று குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகளை வைத்து அங்கே முத்துக்குளித்தார்கள் என்கிறது. தமிழக அரசின் அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. பட்டத்து இளவரசன் மதுரையில் தகப்பன் நிழலில் இராமல் கொற்கையிலிருந்து ஆள்வது பாண்டியர் வழக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அரியணைக்கு வந்ததைச் சிலப்பதிகாரத்திலும் பார்க்கிறோம். வருங்கால மன்னனைக் கடலும் கப்பலும் அயல்நாட்டு வணிகரும் நிறைந்த வேறோர் ஊரில் வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். மதுரைக்கு வரும்போது அவன் வேறு காற்றைச் சுவாசித்தவனாக வருவான். ஹிக்கப் வரைபடத்தோடு அலைந்ததற்கு இது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள். கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. ஆற்று வண்டல் துறைமுகத்தை மூடிவிட, காயலும் பிறகு தூத்துக்குடியும் அதன் இடத்துக்கு வந்தன.

மன்னர்களை விடுவோம். முத்துக்குளித்த சாதாரணப் பரதவர் குடும்பங்களில் தகப்பன் மகனுக்கு எதைக் கொடுத்தான்? தொழிலை அப்படியே கைமாற்றினான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முத்துக்குளிப்பின் கணக்கைப் பார்த்தால் அது நடந்திருக்கவே முடியாது. மன்னார் வளைகுடாவில் பார் என்று சொல்லப்படும் சிப்பிப் படுகைகளில் ஆண்டுதோறும் முத்துச்சிப்பி விளைவதில்லை. பாரைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால்தான் அரசு குளிப்புக்கு அனுமதி கொடுக்கும். 1926, 1927, 1928 மூன்று ஆண்டுகள் குளிப்பு நடந்தது. அடுத்தது 1955இல். இடையில் 27 ஆண்டுகள். 1928இல் இருபது வயதில் குளித்த ஒருவருக்கு 1955இல் வயது நாற்பத்தேழு. அவருடைய மகன் முத்துப்பாரில் இறங்கும்போது, அப்பா அங்கே குளித்ததைக் கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டான். மூச்சடக்கவும் ஆழத்தில் கண்திறக்கவும் அவன் சங்கு குளித்துத்தான் பழகியிருப்பான். முத்தைப் பற்றி அவனிடம் இருந்தது வெறும் பேச்சு. எந்தப் பார் எந்தத் திசையில், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும், எப்போது கயிற்றை அசைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த பேச்சு. அதை வைத்துக்கொண்டு தன் காலத்துக் கடலில் தன் மூச்சோடு இறங்கினான். 1955இல் தொடங்கிய குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1961இல் குளித்தவர்களால் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலைக் கொடுக்க வழியே இல்லாமல் போனது.

அந்தப் பிள்ளைகள் தகப்பனின் கணக்கை முடிக்கவில்லை. சிலர் சங்கு குளித்தார்கள். சிலர் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் தோணிகளில் போனார்கள், தோணியை நடத்தும் தண்டல் ஆனார்கள். சிலர் கப்பலுக்குப் போனார்கள். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆனபோது துறைமுக வேலைக்குப் போனவர்களும் உண்டு. முத்து விஷயத்திலேயே பாதை மாறியது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். கடலிடம் காத்திருந்த ஊரில், கடலில் விதைக்கிற வேலை வந்தது. டிராகனைக் கொன்ற ஊரின் பிள்ளை டிராகனோடு பறந்ததைக் கற்பனை என்று சொல்கிறோமே, அந்த அளவு மாற்றம் இந்தக் கரையில் ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது. ஆர். என். ஜோ டி குரூஸ் இந்தச் சமூகத்தின் இருபதாம் நூற்றாண்டை எழுதிய ‘கொற்கை’ நாவலுக்கு 2013இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தொழிலும் செல்வமும் கைமாறி வீடுகள் ஏறி இறங்குவதை அதில் விரிவாகப் படிக்கலாம்.

குளியாளின் கயிற்றைப் பற்றி இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்பார்கள். தங்கை தாலி அறுக்கச் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கை. ரத்த உறவு தானாகவே காப்பாற்றிவிடும் என்று கடல் ஜனங்கள் விட்டுவிடவில்லை. யார் கையில் எந்தப் பொறுப்பு என்று யோசித்து வைத்தார்கள். ஸ்டோயிக்கின் பிழையும் இங்கேதான் இருக்கிறது. மகனுக்கு எந்தக் கயிறு பொருந்தும் என்று பாராமல் தன் கயிற்றையே அவன் இடுப்பில் கட்டப் பார்த்தார்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு எனக்குத் தெரியும். ‘அப்பாவைப் போல இருக்க மாட்டேன்’ என்பது மேற்கத்திய தனிமனித வாதம், நம் பிள்ளைகள் தகப்பன் சொல்லைத் தலையில் தாங்குகிறவர்கள் என்பது அந்த மறுப்பு. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தைத் தமிழர்கள் ஏன் கொண்டாடினார்கள் என்று அவர்களைக் கேட்க வேண்டும். லண்டனில் படித்துவிட்டு வந்து உணவகம் திறக்க விரும்பும் சக்திவேல், ஊர்த் தலைமையை ஏற்கச் சொல்லும் பெரிய தேவர், தகப்பனின் சாவு, மகன் தலைமை ஏற்பது என்று கிட்டத்தட்ட ஹிக்கப்பின் கதைதான். அங்கேயும் மகன் தயங்கினான், அங்கேயும் அந்தத் தயக்கத்தை நாம் மதித்தோம். அவன் அரிவாள் வேண்டாம் என்றவன். கடைசியில் அவன் கையிலேயே கொலை விழுந்தபோது தியேட்டரில் நாம் பெருமைப்படவில்லை, துக்கப்பட்டோம். அப்பாவின் உலகம் மகனை விழுங்கிவிட்டதே என்ற துக்கம் அது. ஆகவே இந்த உணர்வு இறக்குமதிச் சரக்கு அல்ல.

தகப்பனைச் சாகடித்தால்தான் மகன் வளருவானா, இது திரைக்கதையின் சுலப வழி இல்லையா என்பது இன்னொரு கேள்வி. பல படங்களுக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது என்பேன். ஸ்டோயிக் சாவதற்கு முன்பே மாறிவிட்டார். ஐந்து ஆண்டில் அவரே டிராகன் மேலேறிப் பறக்கிறார். கோபத்தை விழுங்கி மனைவியை ஏற்கிறார். தகப்பன் மகனிடம் கற்றுக்கொண்டதைக் காட்டிவிட்டுத்தான் அவரை எடுத்துக்கொள்கிறார்கள். வால்கா விஷயத்தில் மட்டும் படத்தின்மேல் எனக்கும் குறை உண்டு. இருபது ஆண்டு டிராகன்களோடு தனியே வாழ்ந்து, அவற்றைக் காத்த பெண் அவள். கணவன் வந்த பிறகு அவளுக்குச் சொந்தமாகச் செய்ய அதிகம் எதுவும் தரப்படவில்லை. தகப்பன்–மகன் கதை சொல்லும்போது தாய் மங்கிவிடுவது இரண்டு கண்டத்துப் படங்களுக்கும் பொதுவான நோய்.

‘கோச்சடையான்’ தொடரும் என்ற குறிப்போடுதான் முடிந்தது. தொடர்ச்சி இன்றுவரை வரவில்லை. தமிழில் அனிமேஷன் செய்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 1928இல் குளித்த ஒரு தகப்பனும் 1955இல் இறங்கப்போகும் அவன் மகனும் அவர்களுக்காகத் தூத்துக்குடியில் காத்திருக்கிறார்கள். கடலடியில் பவளப்பாறையும் சிப்பிப் படுகையும் இருக்கின்றன. கரையில் 1806இல் பரதவர் தலைவரான பாண்டியபதி தேர்மாறன் காலத்தில் முதன்முதலாக ஓடிய பனிமய மாதாவின் தங்கத் தேர் இருக்கிறது. கேமராவால் போக முடியாத இடத்துக்கெல்லாம் வரைகலை போகும். எடுக்க முன்வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மகனுக்கு அவனுடைய முகத்தையே வரையுங்கள். வீட்டில் வளர்ந்த மகன் உள்ள தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. டிராகன் படத்தின் இரண்டாம் பாகம் 102 நிமிடம்தான். பிள்ளைகள் படம் என்று அவனைத் தனியே பார்க்க விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். ஸ்டோயிக்கின் உடலை ஏற்றிய படகு கடலில் எரிந்துபோகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.